கால்மே சபை வரலாற்றில் பதினோராம் பக்கம்

எங்கள் கால்மே மெதடிஸ்ட் சபைக்கு எழுபது வயது நிறைந்த வருஷம், அதன் வரலாற்றை எழுதும் வேலை என் தலையில் வந்து விழுந்தது. எனக்கு அறிவு ஜாஸ்தி என்று யாரும் நினைத்துவிடவில்லை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், புருஷன் கப்பல் வேலையில், மகன் மின்பே பட்டாளத்தில், வீட்டில் கோழிகளைத் தவிர என்னைத் தேடுவார் இல்லை. இவ்வளவு போதும் என்று பாங் போதகர் முடிவு கட்டிவிட்டார். அவருக்கு அப்போது இருபத்தொன்பது வயது. சியோலில் படிப்பை முடித்த கையோடு எங்கள் தீவுக்கு வந்தவர். நண்டு பிடிக்கத் தெரியாது, ஆனாலும் நல்ல பிள்ளை.

அக்டோபரில் அறுவடை முடிந்ததும் ஆண்டு விழா, அதற்குள் புத்தகம் வேண்டும், நாற்பது பிரதி ரோனியோ எடுத்து வீட்டுக்கு ஒன்று கொடுத்துவிடலாம் என்றார். நான் ஒரு நிபந்தனை போட்டேன். முந்தின வருஷம் நான் எழுதிக் கொடுத்த ஈஸ்டர் சாட்சியில் அவர் கை வைத்து, நான் ஜென்மத்தில் சொல்லாத ‘பேருவகை’ என்ற சொல்லை என் பெயரில் போட்டிருந்தார். ஊரே ஒரு மாதம் என்னைப் பேருவகை அம்மா என்று கூப்பிட்டது. அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

“நான் எழுதுறதுல ஒரு எழுத்தைக்கூட நீங்க மாத்தக் கூடாது. நோட்டுல எப்படி இருக்கோ அப்படியே வரணும். சம்மதமா?” என்று கேட்டேன்.

சம்மதம் என்று தலையாட்டினார். அவர் வாக்குத் தவறாத மனுஷன் என்பதுதான் பிற்பாடு எனக்கு வினையாக முடிந்தது.

ஆதாரம் என்று கிடைத்தவை பெரும்பாலும் வகுப்புப் புத்தகங்கள். நாங்கள் வெள்ளிக்கிழமைதோறும் பத்துப் பேர், பன்னிரண்டு பேராக ஒரு வீட்டில் கூடுவோம். வகுப்புத் தலைவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “உங்க ஆத்துமா எப்படி இருக்கு?” என்று கேட்பார். சொன்ன பதிலைப் புத்தகத்தில் எழுத வேண்டும். கீழ்த்தெரு பெண்கள் வகுப்புக்குப் பதினோரு வருஷமாக நான்தான் தலைவி. எனக்கு முன்னால் எழுதியவர்களின் புத்தகங்கள் ஒரு மரப்பெட்டி நிறைய இருந்தன. திறந்தால் கீழே வைக்க மனசு வரவில்லை. ‘குவோன்: ஆத்துமா சுகம், மாடு சுகமில்லை.’ ‘ஹியொன்: ஆத்துமாவைப் பற்றி அறுவடைக்குப் பிறகு சொல்வதாகச் சொன்னார்.’ ‘மேல்வீட்டு மாமியார்: மருமகளை மன்னித்துவிட்டார், இது மூன்றாம் முறை.’ வேதாகமத்துக்கு அடுத்தபடியாக நான் இவ்வளவு ஆசையாகப் படித்தது எதுவும் கிடையாது.

ஒரே ஒரு விஷயம் மட்டும் எனக்கு விளங்கவில்லை. பியோ மூப்பரின் மனைவி ஓக்புன் அக்காவின் பெயருக்கு எதிரே, கல்யாணமான 1931 முதல் வாராவாரம் ஒரே பதில்தான். ‘ஆத்துமா சுகம், தொண்டை சுகமில்லை.’ என் காலத்துப் புத்தகத்திலும் அதையேதான் நானும் எழுதி வந்திருக்கிறேன். வகுப்பில் ஆளுக்கொரு வாரம் பாட்டை எடுத்துப் பாட வேண்டும், அக்கா முறை வந்தால் தொண்டையைப் பிடித்துக்கொள்வாள், அடுத்தவள் பாடுவாள், அது பழகிப்போய்விட்டது. ஒரு பெண்ணுக்கு நாற்பத்துமூன்று வருஷம் தொண்டை கட்டியிருந்தால் அதைச் சபை வரலாற்றில் சேர்ப்பதா, பெரியாஸ்பத்திரிக்கு எழுதிப் போடுவதா என்று யோசித்தேன்.

சபை தொடங்கிய கதை எல்லாருக்கும் தெரியும், இருந்தும் ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். 1904-ல் ஓர் உபதேசியார் உப்புப் படகில் வேறு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார். கடல் வற்றிப் படகு எங்கள் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் திரும்ப ஆறு மணி நேரம் ஆகும், சேற்றில் இறங்கினால் இடுப்புவரை போகும். பொழுது போகாமல் அவர் படகிலேயே நின்று பாட ஆரம்பித்தார். கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவர் பலகையைப் போட்டு அவரை இழுத்து வந்து சோறு போட்டார். தண்ணீர் ஏறியபோது நாலு பேர், அடுத்த தடவை வேண்டுமென்றே மாட்டிக்கொள்ளும்படி அவரைக் கேட்டுக்கொண்டார்களாம். ஆண்டவர் எங்களைத் தேடி வந்தார் என்று பாங் போதகர் பிரசங்கம் பண்ணுவார். தேடியெல்லாம் வரவில்லை, சேறுதான் நிறுத்தியது என்று நான் எழுதினேன்.

பெண்கள் சோறு வைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசியை எடுத்துக் கோயில் பானையில் போட்டு வைத்தார்கள். அந்தப் பிடியரிசியில் எட்டு வருஷத்தில் ஓட்டுக் கூரை போட்ட கோயில் எழும்பியது. தச்சன் வைத்திருக்கும் மூலைமட்டம் மாதிரி இரண்டு கை. ஒரு கையில் ஆண்கள், ஒரு கையில் பெண்கள், இரண்டும் சேரும் மூலையில் பிரசங்கியார். அவருக்கு இருபுறமும் தெரியும். ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துவிடக் கூடாதென்று மூலையில் தடித்த வெள்ளைத் துணியில் ஒரு திரை வேறு. பாட்டு மட்டும் திரையைத் தாண்டிப் போய்வரும்.

அந்தத் திரை இறங்கியது 1940 ஜனவரியில். சண்டைக் காலம், துணி கிடைக்காது, பனி கொட்டுகிறது. தாயில்லாத பிள்ளைகள் ஏழு பேர் கிழிசலில் நடுங்கிக்கொண்டு கோயிலுக்கு வந்தார்கள். பெண்கள் எல்லாரும் ஒரு சனிக்கிழமை கூடி, ஆண்கள் நம் முகத்தைப் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று சொல்லித் திரையை அவிழ்த்து, பஞ்சு வைத்து ஏழு கால்சட்டை தைத்துவிட்டார்கள். யாரிடமும் கேட்கவில்லை. மறுநாள் வந்த ஆண்கள் வாயடைத்துப் போனார்கள். இந்த இடத்தில் ஆண்கள் வகுப்புப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. ‘திரை இல்லாத முதல் ஆராதனை. முதல் பாட்டின்போதே சகோதரர் பியோ கிசோல் ஆவியில் ஏவப்பட்டு, கண்ணீரோடு வெளியே ஓடினார்.’

இது நல்ல சாட்சியாயிற்றே என்று நோட்டை எடுத்துக்கொண்டு பியோ மூப்பர் வீட்டுக்குப் போனேன். அறுபத்தைந்து வயதிலும் ஆண்கள் பக்கத்துப் பாட்டை அவர்தான் நடத்துகிறார். கனமான குரல், சுருதி பிசகாத காது. ஆர்மோனியத்தில் ஒரு கட்டை லேசாக இறங்கினாலும் மூன்றாம் வரிசையிலிருந்து திரும்பிப் பார்ப்பார். நான் போனபோது முற்றத்தில் உட்கார்ந்து பாய்க்குக் கோரை கிழித்துக்கொண்டிருந்தார். அக்கா முள்ளங்கித் தோட்டத்துக்குப் போயிருந்தாள். அந்த வரியை வாசித்துக் காட்டி, அன்றைக்கு ஆண்டவர் உங்களோடு என்ன பேசினார் என்று கேட்டேன்.

மூப்பர் கத்தியைக் கீழே வைத்தார். வேலிக்கு அப்பால் எட்டிப் பார்த்தார். அப்புறம், ஆண்டவர் ஒன்றும் பேசவில்லை, மின்பே அம்மா, மல்சுன்தான் பாடினாள் என்றார்.

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இருபது வயதில் அவர் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தக் கோயிலுக்கு நடந்து வருவார். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வரும். அதைக் கேட்கவே வந்தேன் என்றுகூடச் சொல்லலாம் என்றார். இரண்டு வருஷம் கேட்டார். யார், எப்படி இருப்பாள், ஒன்றும் தெரியாது. கடைசியில் அப்போதிருந்த உபதேசியார் யிம் ஐயாவிடம் போய், அந்தப் பாடுகிற பெண்ணை எனக்குக் கட்டி வையுங்கள் என்று கேட்டுவிட்டார். உபதேசியாருக்குப் பாட்டும் தெரியாது, பெண்களை நிமிர்ந்து பார்க்கிற பழக்கமும் கிடையாது. பெண்கள் பக்கத்தைக் கவனித்துக்கொண்ட வேதக்காரம்மா தெபோராளிடம் விசாரித்தார். நாம் என்ற குடும்பத்து இரண்டாவது பெண் ஓக்புன் என்று பதில் வந்தது. கல்யாணம் நடந்தது.

வீட்டில் ஓக்புன் பாடவே மாட்டாள். வேலைக்கு நடுவில் என்ன பாட்டு என்பாள். பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை திரைக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வருமே. ஒன்பது வருஷம், மூன்று பிள்ளைகள், அந்தக் குரல் தன் வீட்டுக் குரல் என்றே இவர் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார். திரை போன அன்றுதான் பார்த்தார். குரல் மல்சுன் வாயிலிருந்து வந்தது. பக்கத்தில் ஓக்புன் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மல்சுன் யாரென்றால் எங்கள் படகுக்காரர் வீட்டு மல்சுன் அக்கா. அறுபத்துமூன்று வயதிலும் கோயிலில் முதல் குரல் அவளுடையதுதான். சிரிக்கக் கூடாதென்று கன்னத்தைக் கடித்துக்கொண்டு, அப்புறம் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

கடற்சுவர்மேல் போய் உட்கார்ந்தாராம். காது விறைத்துப்போகும்வரை உட்கார்ந்தாராம். யிம் ஐயாவை அடிக்க வேண்டும் போலிருந்தது, அவரோ மாற்றலாகிப் போய் நாலு வருஷம் ஆயிற்று. பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்தார். ஓக்புன் ஒன்றும் கேட்கவில்லை. அடியில் விறகு எரித்துக் கணகணவென்றிருந்த தரையில் மெத்தைக்கு அடியில் அவருடைய சோற்றுக் கிண்ணத்தை வைத்திருந்தாள். காலையிலிருந்து மூன்று தடவை மாற்றி மாற்றிச் சூடு பண்ணி வைத்திருக்கிறாள். தின்றுவிட்டுப் படுத்தார்.

“அதோட சரி. அப்புறம் எனக்கு அந்தக் குரல் ஒரு பொருட்டாவே படல. ஆனா ஒண்ணு, அவள நான் பொண்ணு கேக்கலங்கிறது அவளுக்குத் தெரியாது. வேற ஒருத்திக்கு வெச்ச எலையில அவ உக்காந்துட்டான்னு தெரிஞ்சா, இந்த வயசுல அவ மனசு தாங்காது. உன் வாயில இருந்து இது வெளிய போச்சுன்னா நான் உசுரோட இருந்து பிரயோசனமில்ல, மின்பே அம்மா” என்றார். கண் கலங்கியிருந்தது. சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்றேன். அந்த வரலாற்று வரியை அப்படியே, ஆவியில் ஏவப்பட்டு ஓடினார் என்றே போட்டுவிடுவதாகவும் சொன்னேன்.

சொன்னபடி போட்டேன். ஆனால் எனக்கு ஒரு பழக்கம். நோட்டில் வலது பக்கம் புத்தகத்துக்கு. இடது பக்கம் எனக்கு. யார் வீட்டு இலந்தைப்பழத்தை எந்தப் போதகர் திருடினார் என்பது மாதிரி வெளியே போகக் கூடாத சங்கதியெல்லாம் இடது பக்கத்தில் எழுதிவைப்பேன். எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. மூப்பர் சொன்னது முழுவதையும், சோற்றுக் கிண்ணம் உட்பட, இடது பக்கத்தில் எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது.

விழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது இஞ்சோனிலிருந்து தங்கைக்குப் பிரசவ வலி என்று ஆள் வந்தது. போகிற அவசரத்தில் போதகரிடம், நோட்டு அலமாரிமேல் இருக்கிறது, ஸ்டென்சில் வெட்டிவிடுங்கள், எழுத்து மாற்றக் கூடாது என்று படகில் ஏறிக்கொண்டே கத்திவிட்டுப் போனேன். ஸ்டென்சில் கம்பியைப் பிடிக்கிற கை அவருக்கும் நன்றாகத்தான் ஓடும். இடது பக்கம், வலது பக்கம் என்பது அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லவில்லை. சொல்லாதது என் தப்புதான், அதை இப்போதும் ஒப்புக்கொள்கிறேன்.

சனிக்கிழமை மத்தியானப் படகில் திரும்பி வந்து நேராகக் கோயிலுக்குப் போனேன். புத்தகங்கள் நூல் போட்டுக் கட்டி அடுக்கியிருந்தன. போதகர் விரலெல்லாம் மசி, முகமெல்லாம் பல். ஓர் எழுத்தும் மாற்றவில்லை, அதிலும் பதினோராம் பக்கம் இருக்கிறதே, அதைப் படித்துவிட்டு நான் அழுதேவிட்டேன் என்றார். எடுத்துப் பார்த்தேன். மூப்பர் சொன்னதெல்லாம் அங்கே அச்சில் இருந்தது.

விஷயம் புரிந்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. இருவரும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகமாகப் பதினோராம் பக்கத்தைக் கிழித்தோம். இலந்தைப்பழப் பக்கத்தையும் கிழிக்கலாமே என்று கேட்டார். அது கிடக்கட்டும், அந்தப் போதகர் செத்துப்போய்விட்டார் என்றேன். கிழித்து முடித்து எண்ணினால் முப்பத்தொன்பது. நாற்பதாவது எங்கே என்று கேட்டேன். காலையில் ஓக்புன் அம்மா அரிசி வேகிறவரைக்கும் புரட்டிப் பார்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனார்களாம்.

கோயில் சமையல்கட்டு ஓக்புன் அக்காவின் ராஜ்யம். குள்ளமான உருவம், விறுவிறுப்பான கை. அவள் கரண்டியை எடுத்தால் சபையின் மாவட்டக் கண்காணிப்பாளர்கூடக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். நான் போனபோது மாட்டெலும்பு சூப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள், புத்தகம் மடியில் இருந்தது. எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, வந்துட்டியா, உன் தங்கைக்கு என்ன பிள்ளை என்று கேட்டாள். ஆண் என்றேன். நல்லது, அந்த வெங்காயத்தாளை நறுக்கு என்றாள். நான் நறுக்கினேன். புத்தகத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, எனக்கும் துணிச்சல் வரவில்லை.

மூப்பரிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. கோரைக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மறுநாள் காலை கோயில் வாசலில் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். ராத்திரி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை என்றார். சோறு போட்டாள். தரைக்கு வழக்கத்தைவிட இரண்டு கட்டை விறகு கூட வைத்தாள். விடிய விடிய வெந்துகொண்டே கிடந்தேன், இது கோபமா பாசமா என்று எனக்குத் தெரியவில்லை என்றார்.

கோயில் நிரம்பி வழிந்தது. திரை போய் முப்பத்துநாலு வருஷம் ஆகியும் ஆண்கள் ஆண்கள் கையில்தான் உட்காருவார்கள், பெண்கள் பெண்கள் கையில்தான். யாரும் சட்டம் போடவில்லை, உடம்புக்கு அது பழகிவிட்டது. நான் பெண்கள் பக்கம் இரண்டாம் வரிசை. எனக்கு முன்னால் ஓக்புன் அக்காவும் மல்சுன் அக்காவும். ஓக்புன் அக்கா கையில் புத்தகம் இருந்தது. மூலைக்கு அந்தப் பக்கம் மூப்பர் முதல் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். ஆண்டவரே, இந்த ஒரு தடவை அவளுக்கு எழுத்து மறந்துபோகட்டும் என்று ஜெபித்தேன். இந்தக் கோயிலில் பாட்டுப் புத்தகத்தை வைத்து அவளுக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்ததே தெபோராளம்மாதான்.

சாட்சி சொல்கிறவர்கள் சொல்லலாம் என்றார் போதகர். யாரும் எழும்பாதிருக்க வேண்டுமே என்று அவர் குரலிலேயே தெரிந்தது. ஓக்புன் அக்கா எழுந்து நின்றாள்.

உங்கள் புத்தகத்திலெல்லாம் ஒரு பக்கம் கிழிந்திருக்கிறது, என்னுடையதில் இருக்கிறது, வாசிக்கிறேன் என்றாள். சமையல்கட்டில் கூப்பிடுகிற அதே குரலில் வாசித்தாள். குரல், உபதேசியார், திரை, கடற்சுவர், சோற்றுக் கிண்ணம், ஒன்றையும் விடவில்லை. மூப்பரின் காது இரண்டும் சிவந்திருந்தது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. நானோ தரை பிளந்து என்னை விழுங்காதா என்று பார்த்தேன்.

வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடினாள்.

“மின்பே அம்மா நல்லாத்தான் எழுதியிருக்கா. ஆனா இதுல பாதிதான் சரி” என்றாள்.

அப்புறம் மீதிப் பாதியைச் சொன்னாள். திரையில் ஓட்டை இருந்தது. ஒன்றல்ல, ஐந்தாறு. பெண்கள் எல்லாரும் ஊசியால் குத்தி வைத்திருந்தார்கள். தைத்த கால்சட்டையில் எதற்கு இத்தனை ஒட்டு என்று ஆண்கள் அப்போது கேட்டார்களே, அது பூச்சி அரித்ததல்ல. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து முதல் வரிசையில் உட்காருகிற பையனை இரண்டு வருஷம் அவள் ஓட்டை வழியாகப் பார்த்திருக்கிறாள். தெபோராளம்மா வந்து, பாடுகிற பெண்ணை அந்தப் பையன் கேட்கிறான் என்று மல்சுனிடம் சொன்னபோது அவளும் பக்கத்தில்தான் இருந்தாள். மல்சுன் மாட்டேன் என்றுவிட்டாள். அவளுக்குப் படகுக்காரர்மேல் கண்.

“பொய் சொல்லாதடி. கண்ணு அப்புறம் வந்துச்சு. இவரு ஞாயித்துக்கெழம ரெண்டு மணி நேரம் அசையாம உக்காந்திருந்தாரு, எனக்குப் பயமா இருந்துச்சு” என்றாள் மல்சுன் அக்கா, உட்கார்ந்தபடியே.

பெண்கள் பக்கம் சிரிப்பில் குலுங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, வயதான பெண்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும். நாற்பத்துமூன்று வருஷம் தெரியும். பெண்கள் பக்கம் இருபத்தைந்து வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன், வகுப்புத் தலைவி வேறு, என்னிடம் ஒருத்தி சொல்லவில்லை. உன் வாய் எங்களுக்குத் தெரியாதா என்று பின்னால் ஒரு கிழவி சொன்னது காதில் விழுந்தது.

மல்சுன் வேண்டாமென்றதும், அப்படியானால் நான் போகிறேன் என்று தெபோராளம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கேட்டாளாம் ஓக்புன். பாட்டுக்கு என்ன செய்வாய் என்று அந்தம்மா கேட்டிருக்கிறாள். வாயை மூடிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

சிரிப்பு அடங்கட்டும் என்று அக்கா காத்திருந்தாள். அவள் கை புத்தகத்தை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தது.

“எனக்குப் பாட வராது. சுத்தமா வராது. நான் வாயத் தெறந்தா இவரு ஏமாந்தது தெரிஞ்சு போயிடும். அதனால மூணு புள்ளைங்களயும் தட்டித் தட்டித்தான் தூங்க வெச்சேன், ஒரு தாலாட்டுப் பாடல. வகுப்புல தொண்ட சரியில்லன்னு சொன்னேன். அது பொய்தான், ஆண்டவர் மன்னிக்கணும். தெரய எறக்கலாம்னு பேச்சு வந்தப்ப, வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல, அந்தப் புள்ளைங்க நடுங்குறதப் பாத்துட்டு எப்படிச் சொல்றது? நானே தச்சேன். மறுநாளு இவரு எழுந்து ஓடினாரு. சரி, முடிஞ்சுதுன்னு நெனச்சேன். மூட்டையக்கூடக் கட்டி வெச்சுட்டேன். சாயந்தரம் வந்தாரு, சாப்பிட்டாரு, படுத்தாரு. மல்சுன் பாடினத இவரு கவனிக்கல போலன்னு நெனச்சுக்கிட்டேன், அப்புறமும் அவ பக்கத்துலயே ஒட்டி நின்னு ஒதட்ட அசைச்சேன். முப்பத்துநாலு வருஷமா அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். தெனமும் பயந்துக்கிட்டே இருந்தேன்.”

இதுவரைக்கும் போதகரைப் பார்த்துப் பேசியவள், இப்போது மூலைக்கு அந்தப் பக்கம் திரும்பினாள்.

“நேத்துதான் படிச்சேன். அன்னிக்கே தெரிஞ்சிருக்கு இவருக்கு. தெரிஞ்சேதான் வீட்டுக்கு வந்திருக்காரு” என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, நான் அதை மறைக்கவுமில்லை. மூப்பர் நிமிர்ந்து பார்த்தார்.

அக்கா முகத்தைக் கையால் துடைத்துவிட்டு, போதகரே, பாட்டைச் சொல்லுங்கள், சூப்பு ஆறிக்கொண்டிருக்கிறது என்றாள். பாங் போதகர் தடுமாறிப்போய், அட்டவணையில் இல்லாத ஒரு பாட்டின் எண்ணைச் சொன்னார். ஆர்மோனியம் எடுத்துக் கொடுத்தது. எல்லாரும் எழுந்தோம்.

ஓக்புன் அக்கா பாடினாள். எனக்கு நேர் முன்னால் நின்று பாடினாள். நாற்பத்துமூன்று வருஷம் அடைத்து வைத்ததெல்லாம் ஒன்றாக வெளியே வந்த மாதிரி, அப்படி ஒரு சத்தம். ராகம் ஒரு பக்கம் போனால் அவள் இன்னொரு பக்கம் போனாள். ஏற வேண்டிய இடத்தில் இறங்கினாள், நிற்க வேண்டிய இடத்தில் நடந்தாள். இவ்வளவு மோசமான குரலை நான் கேட்டதே இல்லை, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பக்கத்தில் மல்சுன் அக்கா இரண்டு அடி தாக்குப் பிடித்தாள், அப்புறம் பாட்டுப் புத்தகத்தால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அதோடு பெண்கள் பக்கத்தின் முதல் குரல் நின்றுவிட்டது. ஆர்மோனியம் வாசிக்கிற பெண் நிறுத்துவதா தொடர்வதா என்று போதகரைப் பார்த்தாள்.

அப்போது பியோ மூப்பர் தன் இடத்தைவிட்டு நகர்ந்தார். மறுபடியும் வெளியே ஓடப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் கதவுப் பக்கம் போகவில்லை. மூலையைச் சுற்றிக்கொண்டு, போதகருக்கு முன்னால் குனிந்து கடந்து, பெண்கள் கைக்குள் வந்தார். கோயில் கட்டிய நாளிலிருந்து ஆராதனை நடக்கும்போது ஓர் ஆண் அங்கே கால் வைத்தது கிடையாது. முதல் வரிசைப் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு இடம் விட்டார்கள். வந்து ஓக்புன் அக்காவின் பக்கத்தில் நின்றார். அவள் திரும்பிப் பார்த்தாள், பாட்டை நிறுத்தவில்லை.

அவரும் பாட ஆரம்பித்தார். நாங்கள் எல்லாரும் ஆர்மோனியத்தோடு போய்க்கொண்டிருந்தோம். அவருக்கு அது கேட்காமலா இருந்திருக்கும், அந்தக் காதுக்கு? ஓக்புன் அக்கா இறங்கிய இடத்தில் அவரும் இறங்கினார். அவள் தவறி ஏறிய இடத்தில் அவரும் கூடவே ஏறினார். நாலு சரணமும் முடிகிறவரை அப்படியேதான் அவளோடு பாடினார்.